ஹொலோடோமோர்: ஒரு கொலையின் பெயர்

உக்ரைனிய மொழியில் ‘ஹொலோட்’ என்றால் பசி, பட்டினி. ‘மோர்’ என்றால் கொத்துக்கொத்தாக விழும் சாவு. கொள்ளைநோய்ச் சாவையும் அப்படித்தான் சொல்வார்கள். நாம் புழங்கும் ‘மரணம்’ என்ற வடசொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றே. ‘ஹொலோட்’, ‘மோர்’ இரண்டும் சேர்ந்து ‘ஹொலோடோமோர்’ ஆயின. ‘மோரித்தி ஹொலோடோம்’ என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. பட்டினி போட்டுக் கொல்வது என்று பொருள். வானம் பொய்த்தாலும் பஞ்சம் வரும். இந்தச் சொல்லுக்குள்ளோ கொன்றவன் இருக்கிறான்.

1932-33இல் சோவியத் உக்ரைனில் ஸ்டாலின் ஆட்சி நடத்திய கொலை அது. கூட்டுப்பண்ணைகளில் அடைக்கப்பட்ட குடியானவர்கள் மீது எட்டவே முடியாத தானியக் கொள்முதல் அளவை மாஸ்கோ சுமத்தியது. பண்ணைச் சொத்தைத் திருடினால் மரண தண்டனை, கருணை காட்டினால் 10 ஆண்டுச் சிறை என்றது 1932 ஆகஸ்ட் 7ஆம் தேதிச் சட்டம். அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கியவர்களும் அதில் சிக்கியதால், ஊர் வாயில் அது ‘ஐந்து கதிர்ச் சட்டம்’ ஆயிற்று. இன்று கீவ் நினைவகத்தின் முன்னால் மெலிந்த சிறுமி ஒருத்தி சிலையாக நிற்கிறாள். அவள் கையில் இருப்பது ஐந்து கோதுமைக் கதிர்கள்.

இன்னொரு சொல் ‘கரும்பலகை’. தானியம் கொடுத்து முடிக்காத ஊரின் பெயர் அதில் ஏறும். ஏறிய ஊரின் கடைக்கு உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய் எதுவும் வராது. தேடல் குழுவினர் வீடு வீடாகப் புகுந்து, இரும்புக் கம்பியால் மண்தரையையும் சுவரையும் குத்திப் பார்த்தார்கள். ஒளித்து வைத்த உருளைக்கிழங்குகூட மிஞ்சவில்லை. சனங்கள் கீரையையும் இலையையும் மரப்பட்டையையும் தின்றார்கள். சோறு தேடி வெளியேறும் வழியை 1933 ஜனவரி 22ஆம் தேதி உத்தரவு அடைத்தது. இத்தனைக்கும் நடுவே தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. உக்ரைனில் மட்டும் சுமார் 39 லட்சம் பேர் மாண்டதாக மக்கள்தொகை ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதே ஆண்டுகளில் கசாக் மக்களும் லட்சக்கணக்கில் மடிந்தார்கள்.

அரசு இதற்கு வைத்த பெயர் ‘உணவுச் சிக்கல்’. வேல்ஸ் நாட்டுச் செய்தியாளர் கேரத் ஜோன்ஸ் கிராமங்களில் நடந்து பார்த்து 1933 மார்ச்சில் உண்மையை உலகுக்குச் சொன்னார். ஒரு சில நாளிலேயே நியூயார்க் டைம்ஸின் வால்டர் டூரண்டி அதை மறுத்து எழுதினார். கார்கிவ் பகுதி ஆசிரியை ஒலெக்சாந்திரா ராத்சென்கோ கண்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்த நாட்குறிப்புக்காக 1945இல் கைதாகி 10 ஆண்டுத் தண்டனை பெற்றார். பட்டினியால் மட்டுமல்ல, அதைச் சொன்னதாலும் மனிதர்கள் வதைபட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

புலம்பெயர்ந்த உக்ரைனியர் ஏடுகளில் ‘ஹொலோடோமோர்’ 1930களிலேயே அச்சேறிவிட்டது. சோவியத் உக்ரைனிலோ அரை நூற்றாண்டுக்கு மேல் அதற்கு இடமில்லை. 1987 டிசம்பரில்தான் உக்ரைன் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஷெர்பித்ஸ்கி பஞ்சம் நேர்ந்ததையே ஒப்புக்கொண்டார். பழியை விளைச்சல் குறைவின் மேல் போட்டார். 1988 பிப்ரவரியில் எழுத்தாளர் ஒலெக்சி முசியென்கோ இந்தச் சொல்லைத் துணிந்து பொதுவில் பயன்படுத்தினார்.

‘ஹோலோகாஸ்ட்’ என்பதைப் பார்த்துச் செய்த சொல் இது என்று சிலர் நினைப்பதுண்டு. அது தவறு. ‘ஹோலோகாஸ்ட்’ எரிபலியைக் குறித்த கிரேக்கச் சொல். ஓசை ஒற்றுமை தற்செயலானது.

உக்ரைன் நாடாளுமன்றம் 2006இல் ஹொலோடோமோரை இனப்படுகொலை என்று சட்டமாக்கியது. நவம்பர் நான்காம் சனிக்கிழமை நினைவு நாள். மாலை 4 மணிக்கு மௌனம், பிறகு சன்னல்தோறும் மெழுகுவத்தி. 2022 அக்டோபரில் மரியுபோலைப் பிடித்திருந்த ரஷ்யத் தரப்பு அங்கிருந்த நினைவுச் சின்னத்தைப் பெயர்த்து எடுத்தது. தமிழில் ஹொலோடோமோரை ‘உக்ரைன் பஞ்சம்’ என்று எழுதுவதை நம் ஏடுகள் விட்டுவிட வேண்டும். செத்தவர்களின் மொழியில் உள்ள பெயரையே எழுதுவோம்.