தொஸ்தர ஹொந்த ஹித

இலங்கை ரூபவாஹினி தொலைக்காட்சியில் 1980களில் சிங்களக் குரல்களோடு ஒளிபரப்பான நகைச்சுவைக் கார்ட்டூன் தொடர். 'நல்ல மனசுள்ள டாக்டர்' என்பது பெயரின் பொருள். கண்டியிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது சொந்தத் தொடராகவே இருந்தது.

கதையின் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் கிடந்த ஆங்கில எழுத்தாளர் ஹியூ லொஃப்டிங், வீட்டிலிருந்த தன் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களில் பிறந்தவர்தான் விலங்குகளோடு பேசும் டாக்டர் டூலிட்டில். 1920இல் கதை நூலாயிற்று. 'பிங்க் பேந்தர்' கார்ட்டூன்களை எடுத்த டெபாட்டி–ஃப்ரெலெங் நிறுவனம் 1970இல் இதை 17 அத்தியாயத் தொடராக்கியது. விலங்குகளின் பேச்சு ரகசியத்தைத் தட்டிப் பறிக்கத் துரத்தும் கடற்கொள்ளைக்காரன் சாம் ஸ்கர்வி அதில் வில்லன். அமெரிக்காவில் ஒரு பருவத்தோடு முடிந்துபோன தொடர் அது. இலங்கையில்தான் அதற்கு நீண்ட ஆயுள் கிடைத்தது.

அதற்குக் காரணம் டைட்டஸ் தொட்டவத்த (1929–2011). லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956) படத்தின் தொகுப்பாளர். 'ஹந்தயா' (1979) என்ற சிறுவர் படத்தின் இயக்குநர். ஜப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கிய பின், அங்கே மொழிமாற்றக் கலையை வளர்த்தவர் அவரே. வசனத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றாமல் ஊர்ப் பேச்சில் புதிதாக எழுதினார். கார்ட்டூன் வாய்க்குச் சில அசைவுகளே உண்டு. அந்த இடைவெளியில் சிங்களக் கேலியும் பழமொழியும் தாராளமாக நுழைந்தன. பக்ஸ் பன்னி முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனதும் 'பிஸ்ஸு பூஸா' என்ற கார்ட்டூன் வந்ததும் அவர் கைவண்ணமே. தொகுப்பு மேசையில் பழகிய காது இல்லாமல் இந்த வேலை இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

கண்டிப் பக்கம் படம் பார்ப்பதே ஒரு பாடு. ஒளிபரப்புக் கோபுரம் நுவரெலியாவில், 2,524 மீட்டர் உயரப் பீதுருதாலகால மலையில் இருந்தது. ஹந்தானைச் சரிவுகளுக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் நடுவிலுள்ள பள்ளங்களில் மலை மறைத்தால் படத்தில் புள்ளி விழும். மூங்கிலில் கட்டிய அன்டெனாவை ஒருவர் வெளியே திருப்ப, "இன்னுங் கொஞ்சம்... ஆ, அப்புடியே விடு!" என்று உள்ளேயிருந்து ஒருவர் கத்துவார். மின்சாரம் எட்டாத லயங்களில் கார் பேட்டரிதான் கதி. அதைச் சார்ஜ் பண்ணக் கடைவீதிக்குத் தூக்கிப் போக வேண்டும். டிவி இருக்கிற ஒரு காம்பராவில் பக்கத்து லயத்துப் பிள்ளைகளும் நிறைந்திருப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சிங்களம் பாடப்புத்தகத்தில் வரவில்லை. டாக்டரின் வாயிலிருந்து, விலங்குகளின் வாயிலிருந்து வந்தது. ரூபவாஹினி தொடங்கி ஒன்றரை ஆண்டு கூட ஆகாத 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான வன்முறையில், கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன. அந்தப் பத்தாண்டிலேயே தமிழ்ப் பிள்ளை சிங்களக் கார்ட்டூனுக்கு வயிறு குலுங்கச் சிரித்தது என்பதை எந்த வரலாற்று நூலும் விட்டுவிடக் கூடாது.

தமிழ்ப் பக்கம் நிலைமை வேறு. சக்தி தொலைக்காட்சி 1998இல்தான் வந்தது. 2007இல் சன் குழுமத்தின் சுட்டி டிவி தமிழ்க் குரல்களைக் கொண்டுவந்தது. ஆனால் அது சென்னைத் தமிழ். தொட்டவத்த சிங்களத்துக்குச் செய்ததை மலையகத் தமிழுக்கு அந்த அளவில் யாரும் செய்யவில்லை. இது பெரிய குறை. அன்று பார்த்தவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள்; நினைவில் உள்ளதை இப்போதே எழுதிவையுங்கள். குரல் கொடுக்கத் தெரிந்த இளைஞர்களே, தோட்டத்துப் பேச்சில் ஒரு கார்ட்டூனையாவது நம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.