பெருங்கோப்புகளின் பதிப்பு மேலாண்மை

வருடப்பட்ட நூல், ஒலிப்பதிவு, ஒளிப்படம், காணொளி போன்ற பெரிய இருமக் கோப்புகளை யார், எப்போது மாற்றினார் என்பதைப் பதிந்து, பழைய வடிவங்களையும் மீட்கத்தக்கவாறு வைத்திருக்கும் முறை. நிரலாளர்களுக்காக உருவான பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்களே இதற்கும் அடிப்படை.

தமிழில் இதற்குக் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு விக்கிமூலம் என்னும் இணைய நூலகம். தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னுருவாக்கிய நாட்டுடைமை நூல்கள் 2,000-க்கும் மேல் விக்கிமீடியா பொதுவகத்தில் பிடிஎஃப் கோப்புகளாக ஏற்றப்பட்டுள்ளன. விக்கிமூலத்தில் அந்நூல்களின் ஒவ்வொரு பக்கப் படமும் தட்டச்சு உரையும் அருகருகே தெரியும். உரையில் ஓர் ஒற்றைத் திருத்தினாலும் வரலாறு அந்த இடத்தைச் சுட்டிக்காட்டிவிடும். பிடிஎஃபை மாற்றினால் தேதி, பயனர், அளவு, சிறுபடம், மாற்றியவர் இட்ட குறிப்பு ஆகியவைதான் கிடைக்கும். உள்ளே எது மாறியது என்று தெரியாது. பழைய கோப்பும் முழுதாகவே சேமிப்பில் இருக்கும். 80 எம்பி நூலில் விடுபட்ட ஒரு பக்கத்தைச் சேர்த்து மறுபடி ஏற்றினால் சேமிப்பில் ஏறத்தாழ 160 எம்பி ஆகும். இடத்தைவிடப் பெரிய தொல்லை வேறொன்று: அந்த இடத்துக்குப் பின்னுள்ள பக்க எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும், தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்த்த உரைகளை ஒவ்வொன்றாக நகர்த்தியாக வேண்டும். எனவே மெய்ப்புத் தொடங்கும் முன்பே கோப்பில் எல்லாப் பக்கங்களும் உள்ளனவா என்று சரிபார்ப்பது இந்தப் பணியின் முதல் கடமை.

2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளிலும் பழைய கோப்புகள் முழுதாகச் சேமிப்பில் தங்கும் சிக்கல் உண்டு. ஒத்த உரைக்கோப்புகளை அது வேறுபாடுகளாகச் சுருக்கி வைக்கும். ஜேபெக், எம்பி3, எம்பி4 ஆகியவை ஏற்கெனவே இறுக்கப்பட்டவை. சிறு திருத்தமும் கோப்பின் பெரும்பகுதி பைட்டுகளை மாற்றிவிடுவதால் அந்தச் சுருக்கம் பெரும்பாலும் பலிப்பதில்லை. கோப்புகளும் அவற்றின் வரலாறும் அடங்கிய களஞ்சியத்தைப் படியெடுப்பவர் பொதுவாக முழு வரலாற்றையும் இறக்க வேண்டியிருக்கும். கிட் களஞ்சியங்களை வைக்கும் இணையதளமான கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை நேரடியாக ஏற்பதில்லை.

இதற்குத் தீர்வாக 2015-இல் வந்த கிட் எல்எஃப்எஸ், களஞ்சியத்தில் சில வரிகள் கொண்ட ஒரு சுட்டுக்கோப்பை மட்டும் வைக்கிறது. அதில் மூலக்கோப்பின் அளவும், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எஸ்எச்ஏ-256 என்ற அடையாளக் குறியும் இருக்கும். மூலக்கோப்பு தனி வழங்கியில் இருக்கும். இரண்டு படங்களின் திருத்தங்களை உரையைப்போல் இணைக்க முடியாது என்பதால், ஒருவர் திருத்தும்போது மற்றவர் தொடாதபடி பூட்டும் வசதியும் இதில் உண்டு.

ஜோயி ஹெஸ் 2010-இல் தொடங்கிய கிட்-அனெக்ஸ், சிறிய ஆவணகங்களுக்கு இன்னும் பொருத்தமானது. எந்தக் கோப்பு எந்த வன்தட்டில் இருக்கிறது என்பதை அது பதிந்துவைக்கும். நாம் விதித்த எண்ணிக்கைக்குக் கீழே படிகள் குறையுமானால் அழிக்க மறுக்கும். அடையாளக் குறியை மீண்டும் கணக்கிட்டுச் சிதைவையும் கண்டுபிடிக்கும். வழங்கி வாடகைக்குப் பணமில்லாமல் நாலைந்து வன்தட்டுகளை நம்பி ஊர்ப் பாடல்களையும் பழைய இதழ்களையும் காப்பவர்கள் முதலில் கற்க வேண்டிய கருவி இதுவே.