மேட்டுப் பங்களாவும் பள்ளத்து லயமும்



மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் தொழிலாளர் லயம். தோட்டம் என்றதும் நம் கண்முன் நிற்கும் காட்சி இதுதான். கேமரன் மலையில் அந்தப் பங்களாக்கள் எப்படி வந்தன என்பதை இன்று காண்போம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'பங்களா' என்ற சொல் வங்காளத்திலிருந்து வந்ததாகும். தாழ்ந்த கூரையோடு அமைந்த அந்நாட்டுக் குடியானவர் வீட்டை வெள்ளையர் கண்டனர். தங்களுக்கு ஏற்பப் பெரிதாக்கிக் கட்டிக்கொண்டனர். ஏழையின் குடிலுக்குரிய பெயர் எசமானின் வீட்டுக்குப் பெயராயிற்று.

ஒராங் அஸ்லி மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் மலை இது. 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு மோட்டார் சாலை 1931-இல் முடிந்தது. சமவெளியின் வெப்பத்துக்கு அஞ்சிய வெள்ளையர், அதன்பின் இங்கே ஓய்வு இல்லங்களும் விடுதிகளும் கட்டலாயினர்.

தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே உள்ள 'ஸ்மோக் ஹவுஸ்' விடுதியைப் பலர் பார்த்திருப்போம். வெள்ளைச் சுவர், அதன்மேல் கறுப்பு மரச்சட்டங்கள், செங்குத்தான கூரை, குளிர்காயக் கணப்பு அடுப்பு. இது இங்கிலாந்தின் டியூடர் மன்னர் காலத்துப் பாணி. அம்மன்னர்கள் ஆண்டது 1485 முதல் 1603 வரை. அன்று மரச்சட்டமே வீட்டைத் தாங்கியது. பிற்காலத்தில் இப்பாணியில் எழுந்த வீடுகள் பெரும்பாலானவற்றில் மரம் வெறும் அலங்காரமே. சுவர்தான் மரத்தைத் தாங்குகிறது! ஊரை விட்டு வந்தவர் ஊரின் சாயலையாவது காண விரும்பினர் எனலாம்.

'மூன்லைட்' என்ற பங்களாவும் இங்கே புகழ்பெற்றது. தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன் அங்கே விருந்தினராகத் தங்கியிருந்தார். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று வெளியே சென்றவர் திரும்பவில்லை. காட்டையே சலித்துத் தேடியும் பயனில்லை. சில நாள் தங்க வந்த அவர் பெயரை உலகம் அறியும். மலைச்சரிவை வெட்டித் தேயிலை நட்ட நம் முன்னோரின் பெயர்களை எந்தப் பலகையில் படிப்பது?

லயத்துக்கும் ஒரு கட்டடக்கலை உண்டு. நீண்ட ஒரே கூரை, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், குறுகிய அறை. குறைந்த செலவில் நிறையப் பேரைக் குடிவைக்கப் போட்ட திட்டம் அது. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்து மலேசிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1966-இல்தான். அதன் இடத்தில் 1990-இல் புதிய சட்டம் வந்தது.

பங்களாக்களைப் படமெடுக்கப் பலர் வருகின்றனர். லயத்தைப் பதிவு செய்ய வேண்டியவர்கள் நாமே. பிள்ளைகளே, தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: எந்த ஆண்டு வந்தார்கள்? லயத்தில் எத்தனை வீடுகள்? தண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள்? கோயிலை எழுப்பியவர்கள் யார்? கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள். லயம் இடிந்தாலும் அந்த ஏடு நிற்கும்.