மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில்?

கோலார் தங்கவயல் மைசூர் மகாராஜாவின் மண். 1880 முதல் சுரங்கங்களை நடத்தியது லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி. குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தலித் மக்கள். சென்னை மாகாணத்திலிருந்து சமஸ்தானத்துக்குள் பிழைக்க வந்த அயலார். அயலாருக்கு நியாயம் கிடைக்க நல்ல நீதிபதி போதும் என்பார்கள். ஆனால் அந்த நீதிபதி வாய் திறப்பதற்கு முன்பே, யார் மெய்ப்பிக்க வேண்டும் என்பதைச் சட்டம் தீர்மானித்துவிடுகிறது. தங்கத் திருட்டைத் தடுக்க 1897-இல் வந்த மைசூர் சுரங்கச் சட்டம் அப்படித்தான் செய்தது. ஒருவன் கையில் தங்கக் கலவை அகப்பட்டால், அது திருடியது என்று போலீஸ் காட்ட வேண்டியதில்லை. நேர்வழியில் வந்தது என்று அவன்தான் காட்ட வேண்டும்.

திருட்டு நடக்கவில்லையா? நடந்தது. உருக்கிவிட்ட தங்கம் எந்தக் குழியில் வெட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது என்ற கம்பெனியின் வாதத்திலும் பொருள் உண்டு. ஆனால் காவலும் சோதனையும் கணக்குப் புத்தகமும் கம்பெனியிடம். தொழிலாளர் லைன் வீட்டில் இருந்தவனிடம் ஒரு சீட்டு கிடையாது. சந்தேகம் அத்தோடு நிற்கவுமில்லை. 1930-இல் எந்தக் குற்றமும் சாட்டப்படாத தொழிலாளர்களிடமும் பதிவுக்காக விரல் ரேகை கேட்டார்கள். சட்டம் ஏற்ற தொழிற்சங்கம் ஒன்றுகூட இல்லாத அந்தக் காலத்தில், அதை எதிர்த்த வேலைநிறுத்தத்தில் சுரங்கங்கள் மூன்று வாரம் நின்றன. வெறும் மை பட்டதற்கா இத்தனை கோபம் என்று வியப்பவர்கள், 1907-இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர் பதிவுச் சட்டம் கேட்ட ரேகையை நினைத்துக்கொள்ளலாம். அதை எதிர்த்துச் சிறை சென்றவர்களிலும் தமிழர் ஏராளம்.

அதே சுமை பிறகு அயலார் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் மேலும் ஏறியது. இந்தியாவின் 1946 வெளிநாட்டவர் சட்டம், 9-ஆம் பிரிவில், தான் வெளிநாட்டவன் அல்ல என்று காட்டும் பொறுப்பைச் சந்தேகிக்கப்பட்டவர் மேலேயே வைத்தது. பிறந்த இடமும் பெற்றோரும் அவருக்குத்தானே தெரியும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் அதற்குக் காரணம் சொன்னது. தெரிந்திருப்பது வேறு, காகிதத்தில் காட்டுவது வேறு. காகிதத்தைக் கொடுக்க வேண்டியதும் அரசுதான். அமெரிக்காவில் குடியேற்றக் காவலில் இருப்பவர் ஜாமீன் கேட்டால், தன்னால் ஆபத்தில்லை, தான் ஓடிவிடமாட்டேன் என்று அவரே நிறுவுவதுதான் நெடுங்கால வழக்கம். பாஸ்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் தன் எல்லைக்குள் அதை மாற்றி, அடைத்து வைக்க விரும்பும் அரசே காரணத்தை நிறுவட்டும் என்றது. இதனால் எல்லோரும் வெளியே வந்துவிடமாட்டார்கள். தன் கோப்பில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை அரசு திறந்து காட்ட வேண்டிவரும், அவ்வளவே. தங்கவயல் போலீசை 1897 சட்டம் விடுவித்தது அந்த வேலையிலிருந்துதான்.