பில்டர் முறை (ஏபிஐ கோரிக்கை)
ஏபிஐ கோரிக்கையின் முகவரி, தலைப்புகள், வடிகட்டிகள் ஆகியவற்றைப் படிப்படியாகச் சேர்த்து, இறுதியில் முழுக் கோரிக்கையாக்கும் நிரலாக்க உத்தி. எரிக் காமா உள்ளிட்ட நால்வரின் ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ (1994) நூல் பில்டரை விளக்கியது. இம்முறையில் வழக்கமான, மெத்தட் அழைப்புகளைச் சங்கிலித்தொடராக எழுதும் நடைக்கு எரிக் எவன்ஸும் மார்ட்டின் ஃபவுலரும் 2005இல் ‘ஃப்ளூயன்ட் இன்டர்ஃபேஸ்’ எனப் பெயரிட்டனர்.

ஒவ்வொரு மெத்தடும் பில்டரையே திருப்பித் தருவதால், புள்ளியிட்டு அடுத்ததை அழைக்கலாம். மலேசிய அரசின் திறந்த தரவு ஏபிஐயிடம் காம்பார் வானிலை முன்னறிவிப்பைக் கேட்கும் நிரலை இப்படி அமைக்கலாம்:

கோரிக்கை.இடம்("காம்பார்").வரிசை("தேதி").வரம்பு(7).உருவாக்கு()

தேவையற்ற அளவுருக்களை விட்டுவிடலாம். நீண்ட கன்ஸ்ட்ரக்டரில் மதிப்புகள் இடம் மாறும் பிழை தவிர்க்கப்படும். கட்டாய மதிப்பு விடுபட்டால் இறுதி மெத்தடிலேயே பிழை காட்டலாம். ஆனால் ஒரே பில்டரைப் பல திரெட்கள் பகிர்ந்தால் மதிப்புகள் கலந்துவிடக்கூடும். கோரிக்கைக்கு ஒரு பில்டர் என்பதே பாதுகாப்பு. ஜாவா 11இன் (2018) எச்டிடிபி கிளையன்ட் இம்முறையில் அமைந்தது.