ஸ்பென்சர் பிளாசா: முகப்பும் முற்றமும்

சென்னை அண்ணா சாலையிலுள்ள ஸ்பென்சர் பிளாசாவைப் பழைய ஸ்பென்சர் அங்காடியின் தொடர்ச்சியாகக் கருதுவது வழக்கம். கட்டடக்கலை நோக்கில் இக்கருத்து மறுஆய்வுக்குரியது.

யூஜின் ஓக்‌ஷாட் காலத்தில், டபிள்யூ. என். போக்சனின் வடிவமைப்பில், 1895-ஆம் ஆண்டளவில் எழுந்த பழைய கட்டடம் இந்தோ-சாரசெனிக் பாணியைச் சார்ந்தது. அப்பாணி அன்று அரசுக்குரியதாக விளங்கியது; 1892-இல் நிறைவுற்ற உயர்நீதிமன்றம் அதற்குச் சான்று. ஆட்சியின் தோற்றத்தை ஒரு தனியார் வணிக நிறுவனம் அணிந்துகொண்டது என்றே இதனைக் கொள்ளலாம். அதன் முதன்மை வாடிக்கையாளரும் ஐரோப்பியரே அல்லவா!

1980-களின் தொடக்கத்தில் அக்கட்டடம் தீக்கிரையானது. பின்னர் அவ்விடத்தில் கட்டம் கட்டமாக எழுந்த வளாகம், செந்நிறத்தையும் வளைவுகளின் சாயலையும் முகப்பில் பேணியது. உள்ளமைப்போ முற்றிலும் வேறு. முன்னது ஒரே நிறுவனத்தின் பல பிரிவுகள் அடங்கிய பேரங்காடி. பின்னது பல உரிமையாளர்களுக்குரிய நூற்றுக்கணக்கான சிறுகடைகளின் தொகுதி. ஆதலின் கடைகள் பல தளங்களின் ஊடே உயரும் நடுமுற்றங்களைச் சூழ்ந்து, சாலைக்குப் புறங்காட்டி அமைந்தன. எதையும் வாங்காமல் குளிரூட்டிய கூடத்தில் உலவும் நகரப் பழக்கம் ஒன்று அங்கே வேரூன்றியது.

முகப்பை மட்டும் கொண்டு மரபுத்தொடர்ச்சி பேசினால் இம்முற்றங்கள் வரலாற்றிலிருந்து விடுபடும். கடைகள் பல மூடப்பட்டுவிட்ட இந்நாளில், அவற்றின் தரைவரைபடங்களையேனும் ஆவணப்படுத்துதல் வேண்டும்.