அம்பாறை மேட்டுநிலத் தானியங்கள்: வரிப்பத்தான்சேனையை முன்வைத்து

வரிப்பத்தான்சேனை, இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் இறக்காமம் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்த விவசாயக் கிராமம். தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் ஊர். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீளும் ஊர்களுக்கு மேற்கே, இறக்காமக் குளத்தை அண்டிய உள்நிலத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் விவசாயம் என்றால் நெல் என்றே பலரும் எண்ணுவர். ஆனால் வாய்க்கால் எட்டாத மேட்டுநிலங்களில் மழையை மட்டும் நம்பி விளையும் சோளம், குரக்கன், இறுங்கு ஆகிய தானியங்களும், அவற்றோடு சேர்ந்து வரும் பயறு, கௌபி, எள், கச்சான் ஆகியவையும் நெற்காணி இல்லாத குடும்பங்களுக்கு உணவும் கைச்செலவுக்குப் பணமும் தருகின்றன. வயலுக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட இவற்றுக்குக் கிடைத்ததில்லை.

மழையும் மண்ணும்

ஆண்டு மழைவீழ்ச்சி 1750 மில்லிமீற்றருக்குக் குறைந்த பகுதியை உலர் வலயம் என்பர். அம்பாறையின் பெரும்பகுதி அதற்குள் அடங்கும். மழையின் அளவைவிட அது விழும் காலமே இங்கு சிக்கல். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். மே மாதத்துக்குப் பிறகு மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நிலத்தில் மிஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடும். மேட்டின் செங்கபில மண் ஈரத்தில் பிசுபிசுக்கும், காய்ந்தால் கல்லாய் இறுகும். மணல் கலந்த கபில மண்ணோ நீரைப் பிடித்து வைக்காது. ஆகவே முதல் மழைக்கு முன்பே நிலத்தைத் தயாராக்கி, மழை விழுந்ததும் விதைத்துவிடுவதில்தான் விளைச்சலின் பாதி தங்கியிருக்கிறது.

1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டமும் அதன் நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரமும் இந்தப் பிரதேசத்தின் நெல்வயல்களைப் பல மடங்கு பெருக்கின. நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களில் ஒன்று அருகிலேயே இருந்தும், சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைவயல்களுக்கு நீர் எட்டாமற்போவது பழைய குறை. கல்லோயா இடதுகரையில் அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1980களின் தொடக்கத்தில் விவசாயிகளைக் குழுக்களாகத் திரட்டி நீரைப் பங்கிடும் முயற்சி நடந்தது. 2016/17 பெரும்போகத்தில் மழையே பொய்த்தது. உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் அதை நாற்பது ஆண்டுகளில் கண்டிராத வறட்சி என்றன. குளம் நிறையாத ஆண்டில் நெல்லை மட்டும் நம்பிய குடும்பத்துக்கு மாற்று எதுவும் இருக்காது.

பயிர்கள்

மேட்டுநிலப் பயிர்களுள் குரக்கன் பழையது. மூன்று முதல் நான்கு மாதத்தில் விளையும், கொஞ்சம் மழை தவறினாலும் தாங்கும். நன்றாகக் காயவைத்தால் பல ஆண்டுகள் வண்டு அரிக்காமல் கிடக்கும். நெல்லுக்கோ சோளத்துக்கோ இந்தப் பொறுமை கிடையாது. வீட்டுக் களஞ்சியம் என்ற வகையில் குரக்கனுக்கு இணை இல்லை. 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் 10 அளவில்தான். தேங்காய்ப்பூ சேர்த்த பிட்டாகவும் ரொட்டியாகவும் கஞ்சியாகவும் அது வீட்டில் புழங்குகிறது. இன்று நீரிழிவுக்காரரின் உணவாக நகரக் கடைகளில் விலை ஏறியும் விட்டது.

விவசாயத் திணைக்களத்தின் மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் ரவி, இராவணா ஆகிய குரக்கன் இனங்களை வெளியிட்டிருக்கிறது. ஆனால் குரக்கனைப் பின்னுக்குத் தள்ளியது வறட்சியோ இனக் குறைபாடோ அல்ல, அதற்குத் தேவைப்படும் உழைப்பு. கதிர்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. முற்றியதைப் பார்த்துப் பார்த்து இரண்டு மூன்று தடவை அறுக்க வேண்டும். பிறகு குவித்து, காயவைத்து, அடித்து, புடைத்து, மா திரிக்க வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி பெண்களின் கைகளில் விழுகிறது. கூலிக்கு ஆள் வைத்தால் மிச்சம் எதுவும் நிற்காது.

சோளம் அப்படியல்ல. கோழித் தீவனத்துக்கும் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷாவுக்கும் அது மூலப்பொருள் என்பதால் வாங்குவோர் எப்போதும் உண்டு. ஆனால் பூக்கும் நாட்களில் ஈரம் இல்லாவிட்டால் பொத்தியில் மணி பிடிக்காது. வறட்சி தாங்கும் தன்மையில் அது குரக்கனுக்கும் இறுங்குக்கும் பிந்தியதே. பத்ரா, ருவன் போன்ற இனங்களில் விவசாயி தன் விதையைத் தானே எடுத்து வைக்கலாம். கலப்பின விதை கூடுதல் விளைச்சல் தரும், ஆனால் ஒவ்வொரு போகமும் காசு கொடுத்து வாங்க வேண்டும். மழை பொய்த்தால் விதைக்கடன் மட்டும் மிஞ்சும். 2018இன் கடைசி மாதங்களில் படைப்புழு அம்பாறை, மொனராகலை, அனுராதபுரம் மாவட்டங்களின் சோளச் சேனைகளைத் தாக்கியபோது, ஒரே பயிரை நம்பியதன் இழப்பைப் பல குடும்பங்கள் அனுபவித்தன. மாரி ஈரத்தில் சரியாகக் காயாத சோளத்தில் பூஞ்சணம் பிடித்து நஞ்சு சேரும் ஆபத்தும் உண்டு.

இறுங்கு வேரை ஆழமாக ஓட்டும், இலையில் மெழுகுப் பூச்சு உண்டு, வெயில் தாங்காதபோது இலையைச் சுருட்டி வளர்ச்சியை நிறுத்தி, மழை வந்ததும் மீண்டும் தளிர்க்கும். இந்த மூன்று தானியங்களுள் வறட்சிக்கு மிகத் தகுந்தது இதுவே என்றபோதும், கேட்டு வாங்குவோர் குறைவு. இளம் பயிரில் நஞ்சு உண்டாதலால் மாடு மேயவிடக்கூடாது.

பெரும்போக நெல் அறுத்த வயலில் மிஞ்சிய ஈரத்திலேயே பயறு 60 முதல் 65 நாட்களில் விளைந்துவிடும். மேட்டில் சிறுபோகத்துக்கு எள் ஏற்றது. பயற்றின் வேர் மண்ணுக்கு நைதரசனைச் சேர்ப்பதால் அடுத்த போகத்தில் உரச் செலவு சற்றுக் குறையும். 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது இந்தப் பயனின் மதிப்பு நன்றாகவே புரிந்தது.

குடும்பப் பொருளாதாரம்

மேட்டுப் பயிர் பெரும்பாலும் குடும்ப உழைப்பில் நடப்பது. காட்டை வெட்டி எரித்து, சில ஆண்டுகள் செய்து, நிலத்தை ஆறவிட்டு நகரும் பழைய சேனை முறைக்கு இன்று இடமில்லை. காடு பாதுகாக்கப்பட வேண்டியது, மக்கள்தொகையும் பெருகிவிட்டது. ஒரே காணியில் ஆண்டுதோறும் செய்ய வேண்டியிருப்பதால், தானியத்தையும் பருப்பு வகையையும் மாற்றி மாற்றி விதைப்பது கட்டாயமாகிவிட்டது. இரவில் யானையும் பன்றியும் பகலில் மயிலும் கிளியும் வரும். காவல் பரணில் விழித்திருக்கும் இரவுகளுக்கு எவரும் கூலி கணக்கிடுவதில்லை.

இஸ்லாமியச் சட்டம் மழைநீர்ப் பயிரின் நிலையைத் தனியாக அறிந்திருக்கிறது. சேமித்து வைக்கத்தக்க பிரதான உணவுத் தானியம் உரிய அளவை எட்டினால், மழையால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கும், செலவிட்டு நீர் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒரு பங்கும் ஸகாத்தாகக் கொடுக்கப்பட வேண்டும். எனவே நல்ல மழை பெய்த ஆண்டில் மேட்டுநிலத்தின் சோளமும் குரக்கனும் ஊரின் ஏழைகளுக்கும் சேர்ந்தே விளைகின்றன.

அரசின் இலவசப் பயிர்க் காப்புறுதி நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் என்ற ஆறு பயிர்களுக்காக உருவானது. வறட்சியை அதிகம் தாங்கும் குரக்கனும் இறுங்கும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்து, உலகம் முழுவதும் இப்பயிர்களைப் பற்றிப் பேசவைத்தது. மேட்டுநில விவசாயிக்குத் தேவைப்படுவது இன்னும் நெருக்கமான உதவி: கமநல சேவை நிலையத்திலோ விவசாயிகள் சங்கத்திலோ வாடகைக்குக் கிடைக்கும் ஒரு குரக்கன் அடிக்கும் இயந்திரம், ஊரிலேயே பேணப்படும் விதை, காப்புறுதிப் பட்டியலில் சிறுதானியங்களுக்கும் ஓர் இடம். அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன் இவற்றில் முதலாவதையேனும் அதிகாரிகள் செய்து கொடுக்க வேண்டும்.